வீடியோ கேம உடம்ப ஆட்டி ஆடுறதா, கன்ட்ரோலர புடிச்சு ஆடுறதா?

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வீட்டு ஹால் எவ்ளோ இருக்கும்னு தெரியும்ல. ஒரு சோபா, ஒரு பீரோ, ஓரமா ஒரு கட்டில், மிச்சம் நடக்குற வழி. 2010ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்கு வந்த கினெக்ட், அதாவது நம்ம அசைவ பாத்து கேம ஓட்டுற கேமரா, என்ன கேக்குதுன்னா, ஒருத்தர் ஆட ஏறக்குறைய ஆறு அடி, ரெண்டு பேருன்னா எட்டு அடி தள்ளி நிக்கணும், அதுலயும் அது இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்த வச்சு ஆள கண்டுபுடிக்கிறதால ஜன்னல் வழியா நேரா வெயில் அடிச்சா தடுமாறும். கையில புடிக்கிற கன்ட்ரோலர், அதான் பேடு, அதுக்கு இந்த வம்பே இல்ல, கட்டில்ல படுத்துக்கிட்டே கோல் போடலாம்.

அதுக்காக உடம்பு கன்ட்ரோல் சும்மா வித்தைன்னு ஒதுக்கிட முடியாது. 2006ல ரிமோட்ட வீசி ஆடுற நின்டெண்டோ வீ கேம் பெட்டி வந்துச்சு, பத்து கோடிக்கு மேல வித்துச்சு. ரெண்டு ஸ்டிக், பத்து பதினஞ்சு பட்டன்னு பாத்தாலே மிரளுற அம்மா, தாத்தா எல்லாம் ரிமோட்ட கையில வாங்கி வீசுனாங்க, பவுலிங் பந்து உருண்டுச்சு, அவ்ளோதான், யாரும் பாடம் எடுக்கவே வேணாம். பேடால இன்னிக்கு வரைக்கும் இத செய்ய முடியல.

ஆனா வீ ஆடுன பசங்கள கவனிச்சீங்கன்னா ஒரு கூத்து. மொத நாள் எழுந்து நின்னு முழுக் கையையும் வீசுவாங்க, கொஞ்ச நாள்ல சோபால சாஞ்சுக்கிட்டு மணிக்கட்ட ஒரு வெட்டு, அதே ஷாட் விழும், ஏன்னா உள்ள இருக்குற சென்சார் பாக்குறது ரிமோட்டோட வேகம் மாறுறதத்தான், நம்ம தோளை இல்ல. ஆடுறவனே அசைவ சுருக்கி சுருக்கி கடைசில பட்டன் கிட்ட வந்து நிக்கிறான், பேட் ஜெயிக்கிறதுக்கு பெரிய காரணமே இதான்னு நான் நெனக்கிறேன்.

இன்னொரு சிக்கல், கேமுக்குள்ள நடக்குறது, ஓடுறது. ஹீரோ காட்டுக்குள்ள ஓடணும், நம்ம எங்க ஓடுறது, செவுத்துலயா? அதான் கினெக்ட் கேம் பலதுல நீங்க நின்ன எடத்துல நிக்க அதுவே இழுத்துட்டு போகும். கேமரா நம்மள பாத்து, நம்ம உடம்ப எலும்புக்கூடு மாதிரி கணக்கு போட்டு, அப்புறம் திரைக்கு வர்றதுக்குள்ள லேசா லேட்டாகும், சண்டை கேம்ல அந்த லேசே போதும் அடி வாங்க. பந்து பட்டாலும் கையில ஒண்ணும் தெரியாது, பேடாவது அதிரும். 2013ல எக்ஸ்பாக்ஸ் ஒன் கூடவே கினெக்ட்ட சேத்து 499 டாலர்னு வித்த மைக்ரோசாஃப்ட், அடுத்த வருஷமே அத கழட்டிட்டு 399க்கு குடுத்துச்சு, 2017ல தயாரிப்பையே நிறுத்திடுச்சு.

டான்ஸ், எக்சர்சைஸ், கண்ணுல விஆர் ஹெட்செட் மாட்டி ஆடுற பீட் சேபர் மாதிரி கத்தி வீசுறது, இதுல எல்லாம் அசைவேதான் ஆட்டம், அங்க பேட் கிட்டயே வர முடியாது. (மே மாசம் கடலூர் புழுக்கத்துல விஆர் ஹெட்செட் மாட்றது தனி தண்டனை.)

எனக்கு புடிச்சது நடுவுல இருக்குற கைரோ, அதாவது பேட எப்படி சாய்க்கிறோம்னு கண்டுபுடிக்கிற சென்சார். 2015ல நின்டெண்டோவோட ஸ்ப்ளாட்டூன்ங்கிற சுடுற கேம் காட்டுன வழி அது, ஸ்டிக்கால பெரிய திருப்பம், பேட லேசா சாச்சு துல்லியமா குறி. நம்ம திருப்பாப்புலியூர் டீக்கடை வாசல்ல பிஜிஎம்ஐங்கிற துப்பாக்கி கேம் ஆடுற பசங்க போன அப்படியும் இப்படியும் சாய்க்கிறாங்களே, அதுவும் இதேதான்.

ஒண்ணுதான் வாங்க காசு இருக்குன்னா கைரோ இருக்குற பேடா பாத்து வாங்குங்க. பிளேஸ்டேஷனோட டூயல்சென்ஸ் பேடுலயும் நின்டெண்டோ ஸ்விட்சோட ப்ரோ பேடுலயும் இருக்கு. கினெக்ட்ட கொண்டுவந்த அதே மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பேடுல இல்ல.