காஸ் ரியூப் மாற்ற ஆள் கூப்பிட முதல் இதை வாசியுங்கள்

8,750 ரூபாய். காசு போனது ஒரு பக்கம். இன்று விடிய அம்மா நெருப்புக்குச்சியைத் தட்டியிருந்தால் இந்தப் பதிவு எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

போன மாதம் எங்கள் அடுப்பு ரியூபில் வெடிப்பு விட்டிருந்தது. வாங்குவது விற்பதற்கென்று இருக்கிற ஓர் இணையத் தளத்தில், யாழ்ப்பாணத்துக்குள் எங்கும் வீட்டுக்கே வந்து பூட்டித் தருவதாக விளம்பரம் பார்த்தேன். ரெகுலேற்றர், ரியூப், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 8,750. கடை கடையாய் அலைய வேண்டாமே என்று சம்மதித்தேன்.

வந்த தம்பி நல்ல மரியாதை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் குசினிக்குள் வந்தான். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் தாய்க்கும் முழங்கால் வருத்தம் என்று கதைத்தான். பூட்டி முடித்ததும் லைட்டரைத் தட்டி ரியூப் மூட்டுக்குக் கிட்டப் பிடித்தான். "பாத்தீங்களோ அக்கா, ஒரு லீக்கும் இல்லை." அதிலேதான் விழுந்தேன். நெருப்பையே பிடித்துக் காட்டுகிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன், மடைச்சி. பில் கேட்டதற்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னான். வரவேயில்லை.

இன்று விடிய ஐந்து மணிக்கு புட்டு அவிக்கப் போன அம்மா, "பிள்ளை, ஏதோ மணக்குது" என்று கூப்பிட்டார். கையில் நெருப்புப்பெட்டி. நின்றபடி பார்த்தால் லேசான மணம்தான். குனிந்தேன், மூக்கில் அடித்தது. காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படுத்துக் கிடக்கும். லைட் போடாமல் ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல் எல்லாம் திறந்து, அம்மாவை முற்றத்துக்கு அனுப்பினேன். நன்றாக விடிந்து மணம் போனபிறகு ரெகுலேற்றரைத் திறந்து சவர்க்கார நுரை தடவினால் மூட்டில் குமிழ் குமிழாய் வருகிறது. சுற்றியிருந்த கறுப்பு ரேப்பை உரித்தேன். உள்ளே கிளிப் இல்லை, கட்டுக்கம்பி! கட்டுக்கம்பிக்கா 8,750?

போன் எடுத்தால் முதலில் "பின்னேரம் வாறன்." திரும்ப எடுத்தால் "புதுச் சிலிண்டரிலை புரொப்பேன் கூட அக்கா, கம்பனியைக் கேளுங்கோ." 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த கதையையும் எடுத்துவிட்டான். அப்போது சமையல் காஸில் புரொப்பேன், பியூட்டேன் கலக்கிற அளவு மாறியது உண்மைதான். புரொப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும். அது தெரிந்தவன் கட்டுக்கம்பி கட்டலாமா தம்பி என்று கேட்டேன். லைன் கட். இப்போது என் நம்பரையே தடுத்து வைத்திருக்கிறான். தளத்துக்கு எழுதினால், "விற்பனையாளருடன் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன், பொறுமையில்லை. எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இல்லாத ரியூப், ரெகுலேற்றர் வாங்காதீர்கள். திருகி இறுக்குகிற கிளிப்தான் வேண்டும், கண்ணால் பாருங்கள். லீக் பார்க்கச் சவர்க்காரத் தண்ணி, லைட்டர் பிடிக்கிறவனை உடனே வெளியே அனுப்புங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

அம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்து மத்தியானச் சோறு காய்ச்சுகிறார். அந்த விளம்பரம் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதே 8,750.