விடிய விடிய ஓட வேண்டிய கேமரா: கேனன் லெக்ரியா ஜி30

கூத்து பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். களரி (ஆடும் இடம்) கட்டி முடிந்து, கோமாளியான கட்டியங்காரன் வந்து நிற்கும்போது பதினொன்று ஆகியிருக்கும். முடியும்போது நன்றாக விடிந்திருக்கும். இந்த ஏழெட்டு மணி நேரத்தில் எந்த நிமிடமும் திரும்ப வராது. "வாத்தியாரே, அந்த விருத்தத்தை இன்னொரு தடவை பாடுங்க" என்று நடுவில் கேட்க முடியாது. நான் வீடியோ கேமரா வைத்திருப்பதே இதற்காகத்தான். செய்யாறு பக்கத்து ஊர்களில் பங்குனி தொடங்கி வைகாசி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் கூத்தைப் பதிவு செய்வது என் வேலை இல்லை, ஆசை. என் தாத்தா கூத்தில் முகவீணை என்ற ஊதுகுழல் வாசித்தவர். அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட எங்களிடம் பதிவாக இல்லை.

இப்போது என்னிடம் இருப்பது கேனன் லெக்ரியா எச்.எஃப். ஜி30. 2013-இல் வந்த மாடல். 2018-இல் சென்னையில் பழைய கேமரா விற்கும் கடை ஒன்றில் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். கொரோனாவால் கூத்தே நடக்காமல் போன காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அறுபது இரவுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. போனிலேயே 4கே எடுக்கும் காலத்தில் முழு எச்டி மட்டும் எடுக்கும் பழைய கேம்கார்டர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் கேனன் எச்.வி.30 வைத்திருந்தேன். அது மினி டிவி டேப்பில் எச்டி பதியும் கேமரா. படம் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு டேப் ஒரு மணி நேரம்தான். ஓர் இரவுக்கு எட்டு டேப், ஏழு தடவை மாற்ற வேண்டும். அப்புறம் அதை கம்ப்யூட்டரில் ஏற்ற இன்னும் எட்டு மணி நேரம். டேப் கிடைப்பது அரிதானதும், ஒரு நண்பரிடம் டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கடன் வாங்கிப் போனேன். முகங்கள் சினிமாபோல வந்தன. ஆனால் அந்தக் காலத்து போட்டோ கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிந்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா என்று கணக்காகி வரி கூடும் என்பதால் வைத்த எல்லை அது. துகில் உரியும் கட்டத்தில் நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேமரா திரையில் பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி போனதைப் பார்க்கவில்லை. பதினோரு நிமிடம் போய்விட்டது. திரௌபதி வேஷம் கட்டியவர் அன்று பாடியதுபோல மறுபடி நான் கேட்டதில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், எனக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் கேமரா என்று.

ஜி30 நிற்பதில்லை. இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்கு இடைவெளி இல்லாமல் தானாக மாறிக்கொள்ளும். இதன் உயர்ந்த தரம் விநாடிக்கு 35 மெகாபிட், 50 பிரேம். அந்தக் கணக்கில் 64 ஜிபி கார்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரும், இரண்டு கார்டுக்கு எட்டு மணி நேரம். ஒரு கூத்துக்குச் சரியாக இருக்கும். 25 பிரேமில் வைத்தால் சினிமாச் சாயல் வரும், கார்டிலும் இடம் மிஞ்சும். ஆனால் வேஷக்காரர் கிறிக்கி அடித்துச் சுழலும்போது பாவாடை விரிகிறதே, அது 25 பிரேமில் மங்கிப் போகிறது. 50-இல் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. கூத்துக்கு 50 பிரேம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளிச்சம்தான் பெரிய விஷயம். பந்தலில் நான்கு டியூப் லைட், இரண்டு எல்இடி ஃபோகஸ், பின்னால் கும்மிருட்டு. தானியங்கியில் விட்டால் எந்த கேமராவும் அந்த இருட்டைப் பார்த்துப் படத்தைத் தூக்கிவிடும். அரிதாரம் பூசிய முகம் வெளுத்து, சிவப்பு வேஷம் ஆரஞ்சாகிவிடும். நான் மேனுவலில் வைப்பது இப்படி: ஷட்டர் 1/50, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு, எண் குறையக் குறைய அகலம்) எஃப்2.8, கெய்ன் (படத்தின் வெளிச்சத்தை கேமராவே கூட்டும் அளவு) தேவைக்கு ஏற்ப, 18 டெசிபலைத் தாண்டாமல். தாண்டினால் இருட்டில் புள்ளி புள்ளியாக மொய்க்கிறது. இந்த லென்ஸ் விரிந்த கோணத்தில் எஃப்1.8 வரை திறக்கும், முழு ஜூமில் 2.8-தான். முதலிலேயே 2.8-இல் வைத்துவிட்டால், மொத்த மேடையிலிருந்து ஒரு முகத்துக்கு ஜூம் போகும்போது படம் இருளாது. இது தெரியாமல் முதல் வருடம் எடுத்ததெல்லாம் ஜூம் போகப் போக விளக்கைக் குறைத்ததுபோல இருக்கிறது.

ஷட்டர் 1/50 என்பதற்கும் காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு நூறு தடவை மின்னும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் அந்த மின்னல் தெரியாது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே இதே கேமரா விக்ஸியா என்ற பெயரில் வருகிறது. அது 60 ஹெர்ட்ஸ் கணக்கில் பதியும், நம் கணக்குக்கு மாற்ற முடியாது. அப்படியே எடுத்தால் படம் துடிக்கும். லெக்ரியா என்று பெயர் இருப்பதையே வாங்குங்கள்.

வேஷக்காரர்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றிலும் கண்ணாடித் துண்டு பதித்திருக்கும். வெளிச்சம் அதிகமான இடத்தைக் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ரா வசதி இந்த கேமராவில் இருக்கிறது. கூத்தில் அந்தக் கோடு முழுக்கக் கண்ணாடிகளின் மேல்தான் ஓடும். அதைப் பார்த்து பயந்து வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. நெற்றியிலும் மூக்கின் மேலும் கோடு வராமல் இருந்தால் போதும். கண்ணாடி மின்னத்தான் வேண்டும், அதற்காகத்தானே பதித்திருக்கிறார்கள். வெள்ளை நிறத்தை மட்டும் ஆரம்பத்திலேயே செட் செய்துவிடுவேன். மேடையில் யாரையாவது வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிட வேலை.

ஃபோகஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூத்தில் முக்கியமான வேஷம் எதுவும் நடந்து உள்ளே வராது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், அப்புறம் திரை விலகும். அந்த நொடிக்காகத்தான் ஊரே விழித்திருக்கிறது. தானியங்கி ஃபோகஸ் அப்போது திரைத்துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரை விலகியதும் பின்னால் இருக்கும் முகத்தைத் தேடி இரண்டு விநாடி முன்னும் பின்னும் அலையும். அந்த இரண்டு விநாடிதான் நமக்கு வேண்டியது! கிரீடம் வைத்து முகம் எழுதியவரை முகமாகவே கேமரா பல நேரம் அடையாளம் காண்பதில்லை. அதனால் திரை பிடிக்கும் முன்பே, வேஷக்காரர் நிற்கப்போகும் இடத்தில் இருக்கும் பெஞ்சுக்கு ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். ஓரங்களை நிறத்தில் காட்டும் பீக்கிங் வசதி இருப்பதால் எது தெளிவாக இருக்கிறது என்று கேமராவின் சின்னத் திரையிலும் தெரியும். ஃபோகஸ் வளையம் கைக்கு நன்றாக அடங்குகிறது. ஆனால் அது மின்சார வளையம், இரண்டு முனையிலும் முட்டி நிற்காது, சுற்றிக்கொண்டே போகும். எச்.வி. காலத்திலிருந்து வருகிறவர்களுக்குக்கூடப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஒலியில்தான் இந்த கேமரா என்னை முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. கேமராவிலேயே இருக்கும் மைக் பேச்சுக்குப் பரவாயில்லை. முகவீணை அப்படி இல்லை, காதைக் கிழிக்கும் உச்சத்தில் வாசிப்பார்கள், கூடவே ஹார்மோனியம், மிருதங்கம், தாளம். தானியங்கி ஒலி அளவு முகவீணை கேட்டதும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், நின்றதும் கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கிவிடும். ஒலி அளவைக் கையால் வைக்க வசதி இருக்கிறது, ஹெட்போனும் சொருகலாம். ஆனால் வெளி மைக்குக்கு 3.5 மி.மீ. துளை மட்டும்தான். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை இணைப்பு) மைக் வைத்திருப்பவர்கள் இதே லென்ஸோடு அதே வருடம் வந்த எக்ஸ்ஏ20-ஐப் பார்க்கலாம், அதன் கைப்பிடியில் இரண்டு எக்ஸ்எல்ஆர் உண்டு. நான் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டுப் பிறகு சேர்க்கிறேன். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. ஆரம்பத்தில் தாளத்தட்டை வைத்துச் சேர்த்தாலும், மூன்று மணிக்குப் பார்த்தால் உதடும் பாட்டும் விலகியிருக்கும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தாளத்தட்டைப் பிடித்துத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பகலில் இந்த கேமராவின் 20 மடங்கு ஜூம் பெரிய சொத்து. அர்ஜுனன் தபசுக்கு மரம் ஏறும்போது கீழே கூட்டம் நெருக்கும், கிட்டவே போக முடியாது. போட்டோ கேமரா கணக்கில் 576 மி.மீ.க்குச் சமமான ஜூமில், வீதி முனையில் ஸ்டாண்ட் போட்டு, மேலிருந்து அவர் எலுமிச்சம்பழம் வீசும் கையை மட்டும் எடுத்திருக்கிறேன். வெயிலில் அபெர்ச்சர் ரொம்பச் சுருங்கினால் படம் மழுங்கும். அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் 58 மி.மீ. என்டி ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மறைப்பிலேயே மூடி இருப்பது எங்களுக்கு வசதி. படுகளத்தில் புழுதியும் மஞ்சள் தண்ணீரும் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

கூட வரும் பேட்டரியை நம்பாதீர்கள். பெரிய பிபி-828 எனக்கு மூன்று மணி நேரம்போல வருகிறது. மூன்று வைத்திருக்கிறேன்.

கார்டு விஷயத்தில் நான் பட்டது வேறு யாரும் படக்கூடாது. 2019-இல் ஊர்க் கடை ஒன்றில் 64 ஜிபி கார்டு வாங்கினேன். அட்டைப்பெட்டி, பெயர், முத்திரை எல்லாம் ஒழுங்கு. கேமராவும் 64 என்றே காட்டியது. கர்ணன் விழும் கட்டம் அந்த இரண்டாவது கார்டில்தான் பதிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு எந்தக் கோப்பும் திறக்கவில்லை. உள்ளே இருந்தது 8 ஜிபிதான், மேலே 64 என்று பொய் சொல்ல வைத்திருந்தார்கள். கடையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கர்ணனை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும் விளிம்புவரை பழைய வீடியோக்களால் நிரப்பி, திரும்ப கம்ப்யூட்டருக்கு எடுத்து, கடைசிக் கோப்பு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கேமராவில் போடுவேன். இப்போது 128 ஜிபி இரண்டு வாங்கிவிட்டேன். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதி இருப்பதால் விடியும்வரை ஒன்றுக்கு இரண்டு பிரதி.

இது புதிதாகக் கிடைப்பதில்லை, பழையதுதான் வாங்க வேண்டும். கடைக்குப் போனால் முதலில் மூடியைத் திறந்து போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சென்னை ஈரத்தில் கிடந்த கேமராவில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை இருக்கும், இருந்தால் வேண்டாம். ஜூமை மெதுவாக முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்காவது திணறுகிறதா என்று. திரையைத் திருப்பித் திருப்பி மடக்குங்கள், படம் வெட்டினால் உள்ளே ஒயர் போய்விட்டது என்று அர்த்தம். மைக் துளையில் சொருகி ஆட்டிப் பாருங்கள். இரண்டு கார்டு துளையிலும் பதிந்து பாருங்கள்.

பின்னணி மங்கலாக, முகம் மட்டும் தெளிவாக வேண்டும் என்று குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. இதன் சென்சார் சின்னது. அதே பணத்துக்குப் பழைய மிரர்லெஸ் போட்டோ கேமரா ஒன்றைப் பார்ப்பது நல்லது. ஆனால் கச்சேரி, நாடகம், பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா என்று நின்று நீண்ட நேரம் எடுக்கிறவர்கள், வெயிலில் போன் சூடாகி அணைந்த அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

போன வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு, மேடையில் கட்டியங்காரன் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, கேமராவைத் திருப்பி முகவீணைக்காரரின் விரல்களுக்கு முழு ஜூம் போனேன். ஆறு நிமிடம் விரல்கள் மட்டும். வாத்தியாரிடம் காட்டினேன், பென் டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். எம்பி4 கோப்பு என்பதால் அவர் வீட்டு டிவியிலேயே ஓடியது. அவரிடம் கற்றுக்கொள்ளும் பையன் தரையில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தான், காற்றில் விரலை மடக்கி மடக்கி. நான்காவது தடவை முடிந்ததும், "அண்ணா, இடது கையோட கடைசி விரல் மறையுது, இந்தப் பக்கமா நின்னு எடுக்க முடியுமா?" என்று கேட்டான். வரும் பங்குனியில் ஸ்டாண்டைப் பின்பாட்டுக்காரர்களுக்கு இடது பக்கமாகப் போடுவதாக இருக்கிறேன்.