பார்க் கவுன்ட்டியா, பிரவுன் கவுன்ட்டியா: அக்டோபரில் எந்தப் பக்கம் வண்டியை விடுவது?

செப்டம்பர் முடியும்போதே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸை ஒட்டிய கார்மெல், ஃபிஷர்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். இலை நிறம் மாறுகிற சமயம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வேறு வருகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், எங்காவது கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். பாதிப் பேர் பிரவுன் கவுன்ட்டி என்பார்கள், மீதிப் பேர் பார்க் கவுன்ட்டி என்பார்கள் (கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). ஆனால் எந்த வாரம், எந்தக் கிழமை, யாரோடு போகிறீர்கள் என்று கேட்காமலே சொல்வார்கள். அங்கேதான் கோளாறு.

தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. இண்டியானாபொலிஸிலிருந்து மேற்கே 36-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சுமார் 60 மைலில் ராக்வில், பார்க் கவுன்ட்டியின் தலைநகர். தெற்கே இறங்கினால் சுமார் 50 மைலில் நாஷ்வில், பிரவுன் கவுன்ட்டியின் தலைநகர் (ஜிபிஎஸ்ஸில் டென்னசி நாஷ்வில்லைப் போட்டுவிடாதீர்கள், அது வேறு கதை). இரண்டிலும் மக்கள்தொகை பதினைந்து, பதினாறாயிரம் அளவுதான். கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனம் இருக்கும் இண்டியானாவின் கொலம்பஸில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் கேள்வியே இல்லை, நாஷ்வில் அவர்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி.

என் ஓட்டு பார்க் கவுன்ட்டிக்கு. ஆனால் எல்லாரும் எதற்காக அங்கே போகிறார்களோ, அந்தத் திருவிழாவுக்காக இல்லை.

முதலில் திருவிழாவைப் பார்த்துவிடுவோம். பார்க் கவுன்ட்டியில் கூரை போட்ட மரப்பாலங்கள் 31 இருக்கின்றன. ஒரு காலத்தில் ஐம்பதுக்கு மேல் இருந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள் ஜே.ஜே. டேனியல்ஸ், ஜே.ஏ. பிரிட்டன் என்ற இரண்டு பேர். பாலத்துக்கு எதற்குக் கூரை என்றால், மழையும் வெயிலும் நேராகப் பட்டால் அடியில் தாங்குகிற மர விட்டங்கள் சில வருஷங்களிலேயே உளுத்துப்போகும், கூரையும் பக்கப் பலகையும் போட்டால் நூறு வருஷம் கிடக்கும். அவ்வளவுதான் ரகசியம். இந்தப் பாலங்களை வைத்து 1957-இல் ஆரம்பித்த விழா இன்றும் அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கிப் பத்து நாள் நடக்கிறது. ஒரே இடத்தில் நடக்கிற விழா இல்லை இது. ராக்வில் நீதிமன்றச் சதுக்கம், மேன்ஸ்ஃபீல்ட், பிரிட்ஜ்டன், மான்டெசூமா, டான்ஜியர் என்று கவுன்ட்டி முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, வண்டியில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாலங்களைப் பார்க்க சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறம் கொடுத்துத் தடம் போட்டிருக்கிறார்கள், வழியெல்லாம் அம்புக்குறி இருக்கும்.

இதில் பிரிட்ஜ்டன் ஒன்றை மட்டும் பார்த்தாலே போதும் என்பேன். 1868-இல் டேனியல்ஸ் கட்டிய பாலம் அங்கே இருந்தது. 2005 ஏப்ரலில் ஒருவன் தீ வைத்துவிட்டான், முழுதாகப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் அடுத்த வருஷமே அதே இடத்தில் அதே பாணியில் மரத்திலேயே திரும்பக் கட்டி நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்குள் நின்றால் இரண்டு பக்கமும் தரையிலிருந்து எழும்பி வளைந்து இறங்கும் பெரிய மர வில்கள்தான் முதலில் கண்ணில் படும், பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழும், கீழே அணையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து மாவு மில்லில் இன்றும் கல் எந்திரத்தில்தான் சோளம் அரைக்கிறார்கள். இந்தக் கவுன்ட்டியின் பழைய பாலங்கள் பலவற்றின் நெற்றியில் ‘இந்தப் பாலத்தை நடை வேகத்தில் கடக்கவும்’ என்று எழுதியிருக்கும். அது நமக்குச் சொன்னதில்லை, குதிரைக்காரர்களுக்குச் சொன்னது. குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் பாலம் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் திருவிழாவுக்குப் போக வேண்டாம் என்கிறேன்? சனி ஞாயிறில் போனால் பாலம் தெரியாது, ஆட்களின் முதுகுதான் தெரியும். பதினாறாயிரம் பேர் வாழும் கவுன்ட்டிக்குள் அந்தப் பத்து நாளில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்குகிறது. இருவழிச் சாலையில் வண்டி நகராது. புல்வெளியில் வண்டி நிறுத்தப் பணம் வாங்குவார்கள், பல இடங்களில் ரொக்கம்தான். மேன்ஸ்ஃபீல்டில் கடை கடையாகப் போனால் பாதி கைவினைப் பொருள், மீதி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிற சட்டையும் சாவிக்கொத்தும். விழாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் போங்கள். அதே கடைகள், கால்வாசிக் கூட்டம்.

சாப்பாட்டுக்கு மட்டும் விழாவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். டான்ஜியரில் மாட்டிறைச்சியைப் பொட்டலம் கட்டி, தணல் போட்ட குழியில் புதைத்து ராத்திரி முழுக்க வேகவைத்து எடுத்துத் தருவார்கள், கத்தியே வேண்டாம், விரலில் பிரியும். ஆப்பிள் போட்டுப் பொரித்த பணியார வகை, பெரிய இரும்புக் கொப்பரையில் பொரிக்கும் இனிப்புச் சோளப்பொரி, சூடான ஆப்பிள் சைடர் எல்லாம் உண்டு. சைவக்காரர்கள் கொஞ்சம் உஷார்: பீன்ஸ் சூப் என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள், அதில் பன்றி இறைச்சி கிடக்கும். பை (pie) என்கிற பழப் பண்டத்தின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் இந்தப் பக்கம் பழக்கம்தான், கேட்டுவிட்டு வாங்குங்கள். பேசாமல் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுவது நிம்மதி.

பிரவுன் கவுன்ட்டி இதற்கு நேர் எதிர். அங்கே திருவிழா என்று ஒன்றைத் தேடிப் போக வேண்டாம், அக்டோபரே திருவிழா. மத்திய இண்டியானா எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரித் தட்டையாக இருப்பதற்குப் பழைய பனியுகத்தின் பனிப்பாளங்கள்தான் காரணம். அவை வந்து தேய்த்துவிட்டுப் போகாத பகுதியில் பிரவுன் கவுன்ட்டியின் பெரும்பகுதி இருப்பதால் மேடும் பள்ளமும் அப்படியே நிற்கின்றன. அந்த மேடுகள் மேல் முழுக்க ஓக், மேப்பிள், ஹிக்கரி. 1907-இல் டி.சி. ஸ்டீல் என்ற ஓவியர் இங்கே மலை மேல் வீடு கட்டிக் குடியேறினார், பின்னாலேயே ஓவியர் கூட்டமே வந்தது. நாஷ்வில்லின் இன்றைய கலைக்கூடங்கள், மண்பாண்டக் கடைகள், மிட்டாய்க் கடைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம். ஸ்டீலின் வீடு இப்போது அரசு நினைவிடம், உள்ளே போய் ஓவியங்களைப் பார்க்கலாம். கடைவீதியில் கூட்டம் தாங்காதபோது நான் சிபாரிசு செய்வது அதைத்தான், ஏனோ நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டம் தாங்காது என்றால் உண்மையிலேயே தாங்காது. அக்டோபர் சனிக்கிழமை மதியம் 46-ஆம் சாலையில் மாட்டினால் நாஷ்வில்லின் அந்த நாலைந்து தெருவுக்குள் நுழையவே பொறுமை வேண்டும். பார்க் கவுன்ட்டியில் கூட்டம் ஒன்பது ஊருக்குப் பிரியும், இங்கே ஒரே ஊரில் குவியும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் பிழைத்தீர்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம்: இவை இரண்டும் ஒரே வார இறுதிக்குப் போட்டியே இல்லை. பார்க் கவுன்ட்டி விழாவின் தேதி காலண்டர்படி நிற்கிறது, இலைக்குக் காலண்டர் தெரியாது. தெற்கு இண்டியானாவில் நிறம் நன்றாக ஏறுவது பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது, நான்காவது வாரம். விழா தொடங்கும் முதல் வார இறுதியில் மரமெல்லாம் இன்னும் பாதிப் பச்சை. அதனால் இலைக்காகப் போகிறவர் விழாவின் முதல் சனிக்கிழமையில் பார்க் கவுன்ட்டிக்குப் போய் ஏமாறுவதில் அர்த்தமில்லை. பிரவுன் கவுன்ட்டிக்கு அவர் இரண்டு வாரம் கழித்துப் போகலாம்.

இனி என் ஓட்டுக்கான காரணம். பார்க் கவுன்ட்டியின் வடக்கில், மார்ஷல் ஊருக்குப் பக்கத்தில் டர்க்கி ரன் மாநிலப் பூங்கா இருக்கிறது. மாநிலத்தின் நூற்றாண்டான 1916-இல் அமைந்தது, இண்டியானாவின் இரண்டாவது மாநிலப் பூங்கா. அது கிடைத்த கதையே சுவாரசியம். ரிச்சர்ட் லீபர் என்பவர் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஏலத்துக்குப் போனார், மரம் வெட்டும் நிறுவனம் ஒன்று 30,200 டாலர் கேட்டு அவரை முந்திவிட்டது. விடவில்லை மனிதர், சில மாதத்தில் 40,200 டாலர் கொடுத்து அவர்களிடமிருந்தே வாங்கினார்கள். பிற்காலத்தில் அவருடைய அஸ்தியையும் அங்கேயேதான் அடக்கம் செய்தார்கள். அன்று விட்டிருந்தால் அந்தப் பெரிய வால்நட் மரங்களெல்லாம் மேசையும் நாற்காலியுமாகியிருக்கும்.

பூங்காவுக்குள் போனதும் சுகர் க்ரீக் ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம். நாலு பேர் சேர்ந்து நடந்தால் லேசாக ஆடும், பிள்ளைகள் வேண்டுமென்றே ஆட்டுவார்கள். அதைத் தாண்டினால் மூன்றாம் எண் தடம். தடம் என்று பேர், பாதி தூரம் ஓடைக்குள்தான் நடக்க வேண்டும். பனிப்பாளம் உருகி ஓடிய தண்ணீர் மணற்பாறையை அறுத்து விட்ட பள்ளத்தாக்குகள் இவை. இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, சில இடத்தில் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம் என்று தோன்றும் அளவுக்கு ஒடுங்கும். பாறை முழுக்கப் பாசியும் பெரணிச் செடியும், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும். ஒரு பள்ளத்தில் மர ஏணிகள் சார்த்தி வைத்திருப்பார்கள், ஏறித்தான் அல்லது இறங்கித்தான் ஆக வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு மைதானம் இண்டியானாவில் இல்லை. ஷூ நனையும், மாற்று ஜோடி எடுத்துப் போங்கள். பெரிய மழைக்கு மறுநாள் போகாதீர்கள், தடம் வழுக்கும், மூடியும் வைப்பார்கள்.

புடவை கட்டிய அம்மாவையும் முழங்கால் வலிக்கிற அப்பாவையும் அந்தத் தடத்தில் இறக்குவது பாவம். அவர்களுக்கு 1882-இல் ஜே.ஏ. பிரிட்டன் கட்டிய நேரோஸ் பாலம் அதே பூங்காவில் இருக்கிறது, அருகிலேயே வண்டியை நிறுத்திச் சில அடி நடந்தால் போதும். பாலமும் ஆச்சு, ஆறும் ஆச்சு.

இதற்கு எதிரே பிரவுன் கவுன்ட்டி மாநிலப் பூங்காவை வைத்தால், அளவில் அதுதான் அண்ணன்: சுமார் 16,000 ஏக்கர், மாநிலத்திலேயே பெரியது, 1929-இல் திறந்தது. விவசாயம் செய்து மண் அரித்துப்போய்க் கைவிட்ட குன்றுகள் அவை, மரம் வளரவிட்டுக் காடாக்கினார்கள். முப்பதுகளில் வேலையில்லா இளைஞர்களை வைத்து அரசாங்கம் நடத்திய திட்டத்தில் போட்ட சாலைகளும் கல் மண்டபங்களும் இன்றும் உறுதியாக இருக்கின்றன. சாலையே குன்றின் முதுகில் போவதால் வண்டியை விட்டு இறங்காமலே அடுக்கடுக்காக நிறம் மாறிய காட்டைப் பார்க்கலாம். அப்பா அம்மாவோடு வந்தவர்களுக்கு இது பெரிய வரம், இதில் டர்க்கி ரன் தோற்றுப்போகிறது. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதுதான் இடம். ஆனால் இறங்கி நடந்தால் தடங்கள் ஒன்றுபோலவே இருக்கும். மரம், ஏற்றம், இறக்கம், திரும்ப மரம். பிள்ளைகள் அரை மணியில் ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்டோபர் தவிர மற்ற மாதங்களைப் பற்றி நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. பிப்ரவரிக் கடைசியில் பார்க் கவுன்ட்டியில் மேப்பிள் பாகு விழா நடக்கும். ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்களில்தான் மரம் நீர் விடும், அதைச் சேர்த்து விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள், நம் ஊரில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போலத்தான். ஒரு கேலன் பாகுக்குச் சுமார் 40 கேலன் நீர் வேண்டும் என்று கேட்ட பிறகு விலை அதிகம் என்று யாரும் முனகுவதில்லை. பிரவுன் கவுன்ட்டியில் ஜூன் மாதம் பீன் ப்ளாசம் ஊரில் ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு ஒரு விழா. அந்த இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோ 1967-இல் தொடங்கியது, அவர் 1996-இல் இறந்த பிறகும் நடக்கிறது. பேஞ்சோவும் பிடிலும் கேட்கக் காது உள்ளவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இசையை வைத்து மட்டும் பார்த்தால் பிரவுன் பக்கம் தராசு தாழும்.

தங்குவதற்கு இரண்டு பூங்காவிலும் உள்ளேயே விடுதி உண்டு. டர்க்கி ரன் விடுதி பழையது, அமைதியானது. பிரவுனில் ஏப் மார்ட்டின் லாட்ஜ், அந்தக் காலத்து இண்டியானாபொலிஸ் பத்திரிகைக் கேலிச்சித்திரக் கதாபாத்திரத்தின் பெயர், கட்டடத்துக்குள்ளேயே நீர் விளையாட்டுக் குளம் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். அக்டோபருக்கு இரண்டிலும் மாதக்கணக்கில் முன்னாலேயே இடம் பிடித்தாக வேண்டும். பூங்கா நுழைவுக்கு ஆண்டு பாஸ் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் செல்லும், வெளிமாநில வண்டிக்குக் கட்டணம் கொஞ்சம் கூட. நவம்பர், டிசம்பரில் மான் எண்ணிக்கையைக் குறைக்க வேட்டை விடுவதற்காகச் சில நாள் பூங்காக்களைப் பூட்டுவது உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க் கவுன்ட்டியில் ஆமிஷ் (பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை, அவர்களுடைய ரொட்டியும் ஜாமும் வேண்டுமென்றால் சனிக்குள் போக வேண்டும். சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் வழியில் நேர மண்டல எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும் என்பதைக் கணக்கில் வையுங்கள், அந்தப் பக்கத்திலிருந்து டர்க்கி ரன் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், பிரவுன் இன்னும் தூரம்.

எனவே பிள்ளைகளோடு போகிறீர்களா, டர்க்கி ரன், செப்டம்பரிலேயே போய்விடுங்கள், தண்ணீரில் நடக்க அப்போதுதான் சுகம். பெரியவர்களோடு என்றால் அக்டோபர் கடைசியில், முடிந்தால் வாரநாளில், பிரவுன். விழாவின் அந்தப் புதைத்த மாட்டிறைச்சிக்காக மட்டும் போகிறவர்கள் டான்ஜியருக்கு மதியத்துக்கு முன்பே போய் வரிசையில் நில்லுங்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும்.