ஆற்றங்கரையா, காட்டு வழியா? சைக்கிளில் நெடும்பயணம் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

வரைபடத்தை விரித்து உட்கார்ந்ததும் எழும் கேள்வி இது. நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கிலேயே போவதா, பச்சைக்குள் நுழைந்து காட்டில் ஏறி இறங்குவதா? கையில் பத்து நாள் இருக்கிறது. சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள் தொங்குகின்றன. இரண்டு வழியும் எனக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டும் நம்மிடம் கேட்பது வெவ்வேறு. முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரை மட்டும் கூட்டிப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். உயரத்தைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

உயரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்ந்து 100 கிலோ. 300 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 2,94,000 ஜூல் தேவை. நாள் முழுக்க மிதித்தும் களைத்து விழாத அளவு என்று 100 வாட்டை வைத்துக்கொண்டால், அந்த உயரத்தை வெல்வதற்கு மட்டும் 49 நிமிடம் ஆகும். சரளைக்கல் டயரைப் பிடித்து இழுப்பதும் காற்றும் இதில் சேரவில்லை. அதே உழைப்பில் சமதளத் தார்ச்சாலையில் 15 கிலோமீட்டருக்கு மேல் போய்விடலாம். காட்டு வழியில் ஒரே நாளில் இப்படி மூன்று ஏற்றம் வருவது சாதாரணம். அதனால் ஆற்றோரத்தில் நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், காட்டில் 45 என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலை நான்கு மணிக்கு மரநிழலில் இருட்டத் தொடங்கும்போது இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஆற்றோரப் பாதைக்கு ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்துக்கும் ஆறு இறங்குவது 150 மீட்டருக்கும் குறைவு. குழந்தைகளோடும், அறுபது வயதைத் தாண்டியவர்களோடும் குடும்பம் குடும்பமாக இந்தப் பாதையில் போகிறார்கள் என்றால் காரணம் இதுதான். வழி தவறவும் வாய்ப்பு குறைவு. தண்ணீர் பக்கத்தில் தெரிகிற வரை சரியான திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். அடிக்கடி ஊர்கள் வரும். பல இடங்களில் ரயில் பாதையும் ஆற்றையே ஒட்டி ஓடுவதால், முட்டி வலித்தாலோ ஸ்போக் உடைந்தாலோ வண்டியேறித் திரும்பிவிடலாம். தனியாகப் பயணம் போகிறவருக்கு இந்தக் கடைசி வசதி பெரிய மனபலம்.

ஆனால் ஆறு சமதளம் என்று நம்பிப் போகிறவர்களை வீழ்த்துகிற இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது காற்று. திறந்த பள்ளத்தாக்கு காற்றுக்கு ஒரு குழாய் மாதிரி. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடம்பின் மேல் காற்றின் தடை மூன்று மடங்காகிவிடுகிறது. இதனால்தான் ஓட்டத்தோடு போவது எப்போதும் எளிது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பிரான்சில் லுவார் ஆற்றோரம் ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை இருக்கிறது. அத்தனை நீளத்துக்கும் இறக்கம் 200 மீட்டர் கூட இல்லை. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடலிலிருந்துதான் காற்று வருகிறது. எனவே கழிமுகத்தில் தொடங்கி ஆற்றை எதிர்த்துக் கிழக்கே போகிறவருக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ஓட்டத்தோடு வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத மேட்டை நாள் முழுக்க ஏறுகிறார்.

இரண்டாவது, ஆறு மலையிடுக்கில் நுழையும் இடங்கள். அங்கே கரையில் பாதை போட இடம் இருக்காது. பாதை சரிவின் மேல் ஏறிவிடும். அப்படி ஏறிய பாதை ஒவ்வொரு கிளை ஓடையையும் கடக்க வேண்டும். ஓடைக்கு இறங்கு, பாலத்தைத் தாண்டு, மறுபக்கம் ஏறு. 40 மீட்டர் இறக்கமும் 40 மீட்டர் ஏற்றமுமாகப் பத்து ஓடை வந்தால் 400 மீட்டர் ஆயிற்று. பேருக்குத்தான் ஆற்றோரம், உழைப்பு மலைக்கு உண்டானது. வரைபடத்தில் உயரக்கோடுகள் ஆற்றை நெருக்கிக்கொண்டு வரும் இடங்களைக் கிளம்புமுன்பே குறித்து வையுங்கள்.

காட்டு வழிக்கு வருவோம். இங்கே நிலைமை நேர்மாறு. வெளியிலிருந்து பார்க்கப் பயமுறுத்தும், உள்ளே போனால் பல சமயம் எதிர்பார்த்ததைவிட இதமாக இருக்கும். முக்கியமான காரணம், காட்டுச் சாலைகளில் பெரும்பாலானவை மரம் ஏற்றிய லாரிகளுக்காகப் போட்டவை. கனத்த லாரி செங்குத்தாக ஏறாது. அதனால் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி நிதானமாக ஏறும். அந்த நிதானம் சைக்கிளுக்கும் வரம். ஆபத்து நடைபாதைகளில் இருக்கிறது. வரைபடத்தில் குறுக்கே புள்ளிக்கோடாகத் தெரியும் அந்தப் பாதை, இரண்டு கிலோமீட்டர் மிச்சப்படுத்துவதாக ஆசை காட்டும். வேரும் பாறையும் நிறைந்த சரிவில் 25 கிலோ எடையுள்ள சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகவைக்கும். சுமையோடு இருக்கும்போது புள்ளிக்கோட்டை நம்பவே மாட்டேன் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

கியர் விஷயத்தில் காடு கண்டிப்பானது. 8 விழுக்காடு சரிவுள்ள சரளைப் பாதையில் அதே 100 கிலோவோடு 100 வாட் கொடுத்தால், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் அளவுதான். முன்பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் ஒரே எண்ணிக்கைப் பற்களோடு இருந்தால், அந்த வேகத்தில் மிதி ஒரு நிமிடத்துக்கு 30 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிதான் விலை கொடுக்கும். முன்பல்சக்கரத்தின் பற்கள் பின்னதைவிடக் குறைவாக இருக்கும் கியர் காட்டுக்கு அவசியம். ஆற்றோரத்துக்கு ஊருக்குள் ஓட்டுகிற சாதாரண கியர் சைக்கிளே போதும். டயரும் அப்படித்தான். கரையோரத் தார்ப்பாதைக்கு 32 மில்லிமீட்டர் அகலம் போதுமானது. காட்டுக்கு 45க்குக் குறையாமல் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் கைகளின் வலி பாதியாகும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்திருக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். ஈரமான உதிரிலைகளின் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

காற்று காட்டுக்குள் வராது. வெயிலும் வடிகட்டித்தான் வரும். கோடையில் இந்த ஒன்றுக்காகவே காட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் பாதை காயாது. உண்ணிகள் புல்லிலிருந்து காலில் ஏறும், மாலையில் உடம்பைச் சோதித்துப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். செல்போன் சிக்னலை நம்பவே கூடாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தாளிலும் ஒன்று இருக்கட்டும்.

இரவைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். விடியலில் ஆற்றங்கரைக் கூடாரம் உள்ளும் புறமும் நனைந்திருப்பதற்கு இதுவே காரணம். கரையிலிருந்து ஒரு 30 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை மாதிரி இடம் கிடைத்தால் அங்கே போடுங்கள். மேல்நிலத்தில் பெய்த மழையால் ஆறு ஏறினாலும் அங்கே பயமில்லை. காட்டில் கூடாரம் போடுமுன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்குகிற மரத்தடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். கைவிடப்பட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றியவை அவை. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் தடம் போட்டவர்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டே மலைக்காட்டுக்குள் நுழைந்தார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை போகும் கிரேட் அலிகெனி பாதை 240 கிலோமீட்டர். யோகியோகெனி ஆற்றங்கரைக் காடுகளின் ஊடே போய் 729 மீட்டர் உயரத்தில் நீர்பிரிமேட்டை, அதாவது மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேட்டை, தாண்டுகிறது. பிட்ஸ்பர்க் பக்கமிருந்து 200 கிலோமீட்டர் ஏறுவது கால்களுக்கே தெரியாது. கம்பர்லேண்ட் பக்கமிருந்து ஏறினால் அதே உச்சியை 40 கிலோமீட்டருக்குள் எட்ட வேண்டும், அப்போதும் சரிவு 2 விழுக்காட்டைத் தொடாது. காட்டின் நிழல், ஆற்றின் சமதளம் இரண்டும் ஒரே பாதையில். குறை என்று பார்த்தால், மேட்டுக்கு அருகே உள்ள ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குளிர்காலத்தில் மூடப்படும். அதோடு, இப்படிப்பட்ட தடங்கள் எல்லாப் பக்கமும் கிடைப்பதில்லை.

என் தேர்வைக் கேட்டால், நெடும்பயணத்துக்குப் புதியவர், குழந்தைகளோடு போகிறவர், முட்டி ஏற்கெனவே முரண்டு பிடிக்கிறவர் ஆகியோருக்கு ஆறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்கைந்து பயணம் முடித்து, சுமையைப் பாதியாகக் குறைக்கக் கற்றுக்கொண்டவருக்குக் காடு. நான் இப்போதெல்லாம் ஆற்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு நாளைக் காட்டுக்கு ஒதுக்குகிறேன். காட்டுக்குள் நுழைய முகட்டை நேராகத் தாக்குவதில்லை. பெரிய ஆற்றில் வந்து கலக்கும் ஒரு கிளையாற்றைப் பிடித்து, அது காட்டும் வழியிலேயே ஏறுகிறேன். தண்ணீர் எப்போதும் சரிவு குறைந்த இடத்தைத் தேடித்தான் இறங்கி வந்திருக்கும். கிளையாறு ஓடையாகும், ஓடை மரங்களுக்கிடையே ஒரு சத்தமாக மட்டும் மிஞ்சும். அங்கே லாரிச் சாலை ஒன்று குறுக்கே வரும். அதில் ஏறி முகட்டோடு ஒரு பகல் ஓட்டிவிட்டு, அடுத்த கிளையாற்றின் வழியே மறுபடி கீழே இறங்குகிறேன். டான்யூபும் ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைக்காட்டில்தான் தொடங்குகிறது. பிரிகாக், பிரெக் என்ற இரண்டு காட்டாறுகள் டோனாவ்எஷிங்கனில் சேர்ந்த பிறகுதான் அதற்கு அந்தப் பெயரே வருகிறது. அந்தச் சங்கமத்தில் பாதையைத் தொடங்குகிறவர்கள், ஒரு நாள் முன்னதாகப் போய் பிரெக் கரையோடு காட்டுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.