கொம்பு எந்தப் பக்கம்? மணல், உப்புத்தாள், மாவு, அட்டை: தமிழ் எழுத்துக்கு எது கைகொடுக்கிறது

‘கொடி’ எழுதச் சொன்னேன். ஐந்து வயதுப் பையன். முதலில் க போட்டான். அதற்கு வலப்பக்கம் ஒரு கொம்பு, கொம்பையும் தாண்டி ஒரு கால், பிறகு டி. எழுதி முடித்து நிமிர்ந்தான்; முகத்தில் துளி சந்தேகம் இல்லை. காது சொன்ன வரிசையில் கை எழுதியிருக்கிறது: க் முதலில், ஒ பிறகு. அதைத் தப்பு என்று அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு மாலையில் வாசலில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தொட்டு, தடவி, பிசைந்து எழுத்துப் படிக்கும் வழிகள் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தாயிற்று. அவற்றில் பல 26 எழுத்து உள்ள மொழிக்காக யோசித்தவை. அங்கே எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் சொல் வந்துவிடும். நம் கதை வேறு. 247 என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், கொஞ்சம் துணைக்குறிகள், எதற்கும் அடங்காத உகர ஊகார வரிசைகள், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழுவது மூன்று வெவ்வேறு இடங்களில்: வடிவம், ஒலி, சேர்க்கை. எந்தப் பொருள் எந்த இடத்துக்கு என்று பார்க்காமல் வாங்கினால் காசும் போகும், குழந்தையின் பொறுமையும் போகும்.

மணல் தட்டு நம் ஊருக்கு மிகப் பழையது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் இதைக் கண்டு தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அவர் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இன்று அதே தட்டு மரச்சட்டம் போட்டு, ‘சென்சரி டிரே’ என்று பெயர் மாற்றி, நம்மிடமே விலைக்கு வருகிறது.

தட்டில் எதைப் பரப்புவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. விஜயதசமிக்கு அரிசி சரி; தினசரிக்கு வேண்டாம். மணிகள் பெரியவை, விரல் போன தடம் உடனே மூடிக்கொள்ளும். அ ஓரளவு தெரியும், ண வின் மூன்று சுழியும் கரைந்துவிடும். ரவை அழகாக வரி காட்டும், ஆனால் எறும்பும் வண்டும் உங்களுக்கு முன்னால் பாடம் படிக்க வந்துவிடும். தூள் உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப் போகும். விரலில் கீறல் இருந்தால் எரியும். கோலமாவு பறந்து கண்ணில் விழுகிறது. சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலுக்கு ஈடு எதுவும் இல்லை. அடியில் கறுப்பு அல்லது கருநீலத் தாள் ஒட்டி, மணலை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆழம் கூடினால் அடித்தாள் தெரியாது, எழுத்தும் தெரியாது. தட்டு அகலமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் ஞ எழுதச் சொல்வது சைக்கிளில் சோபா ஏற்றுகிற மாதிரி.

மணலின் பெரிய வசதி, ஒரு குலுக்கில் தப்பு காணாமல் போய்விடும். ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்து அழும் காட்சி கிடையாது. பலகையிலும் அழிக்கலாம்தான், ஆனால் பல்பம் பாதி எழுத்துக்கு, பாதி வாய்க்கு என்று போய்விடுகிறது. குறை என்னவென்றால், மணலுக்கு எதுவும் தெரியாது. ழ வைக் கீழிருந்து மேலாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும்.

அந்த இடத்தில் உப்புத்தாள் எழுத்து முந்துகிறது. அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டி, சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவியபடி ஒலியைச் சொல்வது. 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் உத்தி இது. அவரே 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940இல் இத்தாலியும் உலகப்போரில் இறங்கியதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்கும்படி ஆயிற்று. மணலில் எழுத்து குழந்தையின் மனதிலிருந்து வெளியே வருகிறது. உப்புத்தாளில் வெளியே உள்ள எழுத்து விரல் வழியாக உள்ளே போகிறது. எனவே புது எழுத்துக்கு முதலில் உப்புத்தாள், இரண்டு மூன்று நாள் கழித்து மணல். வரிசையை மாற்றினால் குழந்தை தன் தப்பையே பழகிக்கொள்ளும்.

தடவுவதால் உண்மையில் பலன் உண்டா? பிரான்ஸில் ஃப்ளோரன்ஸ் பாராவும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தும் கேட்டும் பழகிய பிள்ளைகளும், அவற்றோடு தொட்டும் பழகிய பிள்ளைகளும் எழுத்தை அடையாளம் காண்பதில் ஏறக்குறைய சமமாகவே முன்னேறினார்கள். பொருளில்லாத புதுச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்தான் தொட்டவர்கள் முந்தினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் நேர்மாறாக எதிர்பார்த்தேன்.

செய்பவர்களுக்கு ஒரு சொல்: ஹார்டுவேர் கடையில் 60, 80 என்று எண் போட்ட தாளைக் கொடுத்தால் வாங்காதீர்கள், விரல் தோலை உரிக்கும். எண் கூடக்கூட நைசு. 150 அல்லது 180 போதும். தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். 30 எழுத்தையும் வெட்டி முடிப்பதற்குள் வீட்டில் உள்ள கத்தரிக்கோல் மழுங்கிவிடும், அதற்கு என்னிடம் மாற்று இல்லை.

களிமண்ணும் கோதுமை மாவும் நான் பெரிதாக நம்பி ஏமாந்த வகை. பாம்பு மாதிரி உருட்டி எழுத்து வடிப்பது படத்தில் பார்க்க அருமை. வாசலில் நடந்தது: கால் மணி நேரத்தில் ஒரு ஐ, அதுவும் பாதியில் யானையாகிவிட்டது. எழுத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற ஓட்டமும் இதில் போய்விடுகிறது. துண்டு துண்டாக எந்த வரிசையிலும் ஒட்டலாமே. விரலுக்கு வலு ஏறும், அதை மறுக்கவில்லை. எழுத்துக்காக என்றால் ஒரே ஒரு இடத்தில் மாவு ஜெயித்தது: ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. கைமுறுக்கு சுற்றுகிற மாதிரி சுழியை எண்ணிக்கொண்டே சுற்றும்போது அந்தக் குழப்பம் தீர்ந்தது.

டேப்லெட் செயலிகளைப் பற்றி நிறையப் பேச ஒன்றும் இல்லை. உச்சரிப்பு நன்றாக இருந்தால் கேட்கப் பயன்படும். கண்ணாடியில் விரல் வழுக்குகிறது. அம்புக்குறியைத் துரத்தினால் நட்சத்திரம் கிடைக்கிறது. எழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

ஒலிக்கு இவை எதுவுமே வேண்டாம், மூக்கும் கண்ணாடியும் போதும். மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ம்’ சொல்லிப் பாருங்கள், வராது. ‘ப்’ வரும். மெல்லினம் மூக்கு வழியாக வருகிறது என்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கண்டுபிடிப்பார்கள். ல, ள, ழ மூன்றையும் கண்ணாடி முன் சொல்லும்போது நாக்கு பல்லருகே நிற்கிறதா, பின்னால் மடிகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். அப்புறம், தயவுசெய்து ‘இக், இங், இச்’ என்று மெய்யெழுத்தைச் சொல்லித்தராதீர்கள். ‘அம்மா’வை ‘அ இம் மா’ என்று படிக்கும் பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

இனி சேர்க்கை. கொடியில் தடுக்கிய பையனுக்கு மணலும் உப்புத்தாளும் உதவவில்லை. அவனுக்கு க நன்றாகவே தெரியும், கொம்பும் தெரியும். கடையில் வாங்கிய காந்த எழுத்துகளும் கைவிட்டன. என்னிடம் இருந்த பெட்டியில் கொ ஒரே துண்டாக வந்தது. அது எப்படிக் கூடியது என்பதைத் துண்டு சொல்லாது.

வேலை செய்தது கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டை, பழையது எல்லா வீட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். (பிள்ளையார் படம் போட்டதை வெட்ட என் அம்மா விடவில்லை, பின்பக்க அட்டைகளை மட்டும் எடுத்தோம்.) சதுரத்தில் க, ச, ட என்று 18. ஒல்லிப் பட்டைகளில் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு. மேல்விலங்குக்கும் (கி), அதன் சுழிக்கும் (கீ) ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்குப் போடும் கண்ணாடித் தாள், எழுத்தின் மேலேயே வைக்கலாம். புள்ளிக்கு ஒட்டும் பொட்டு. க் மேல் இருக்கும் பொட்டைப் பிய்த்தால் அ வந்து உட்கார்ந்து க ஆகிவிடும். இலக்கணம் சொல்லாமலே விளங்குகிறது.

இந்தப் பட்டைகள் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவதற்கு 1978க்கு நன்றி சொல்ல வேண்டும். பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டுதான் ஏற்றது. அதற்கு முன் லை, ணை, னை, ளை தும்பிக்கை வளைவோடும், ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகார எழுத்துகளும் (ணொ, ணோ மாதிரி) தனி உருவத்தோடும் இருந்தன. அந்தப் 13 எழுத்துக்கும் என் பட்டை தோற்றிருக்கும். உகர ஊகார வரிசைகள் இன்றும் தோற்கடிக்கின்றன. சு, பு, வு ஒரு குடும்பம், து, நு, லு இன்னொன்று, மு, ரு, ளு மற்றொன்று, கூ தனிக்குடித்தனம். அவற்றைத் தனித்தனி அட்டையாக எழுதிக் குடும்பம் பிரிக்கும் விளையாட்டாக்கிவிட்டோம். ஔகாரத்தில் நான் கைவிட்டேன். கௌ எது, கெ பக்கத்தில் ள வைத்தது எது என்று பெரியவர்களுக்கே தடுமாற்றம்.

கொடிப் பையனிடம் வருகிறேன். க வை நடுவில் வைத்து, இடக்கையில் கொம்பு, வலக்கையில் கால், இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளி, ‘கொ’ என்று கத்த வேண்டும். கட்டிப்பிடிக்கிற மாதிரி. தெருவே கத்தியது. பொ, தொ, மொ என்று பத்து நாள் வேறு விளையாட்டே கேட்கவில்லை. மூன்றாம் வாரம் நோட்டில் ‘கொக்கு’ எழுதினான். க போடுமுன் கொஞ்சம் நிறுத்தி, இடப்பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுத்தான் தொடங்கினான். கொம்பைக் கடைசியாகத்தான் போட்டான். ஆனால் விட்ட இடத்திலேயே போட்டான்.