எட்டா, பதினாறா: லாஞ்ச்பேட் எக்ஸும் மோனோம் கிரிடும்

மின்னிசைக்காகக் கட்டக் கருவி, அதாவது பொத்தான்களைக் கட்டங்கட்டமாக அடுக்கிய கருவி, ஒன்று வாங்கத் தீர்மானித்தபின், நோவேஷனின் லாஞ்ச்பேட் எக்ஸுக்கும் மோனோமின் கிரிட் 128-க்கும் இடையே நெடுநாள் ஊசலாடி, முடிவில் விலை மிகக் கூடிய கிரிடையே வாங்கினேன். இரண்டும் தாமாக ஒலி எழுப்புபவை அல்ல. விரல் பட்ட இடத்தைக் கணினிக்குச் சொல்வதும், கணினி கேட்ட விளக்கை எரிப்பதுமே அவற்றின் வேலை.

வசதிகளைப் பட்டியலிட்டால் லாஞ்ச்பேடே வெல்லும். அதன் 64 பேடுகளும் (தட்டும் பொத்தான்கள்) அடியின் வேகத்தையும் அழுத்தத்தையும் உணர்கின்றன, பல வண்ணங்களில் ஒளிர்கின்றன. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளுடன் இணைத்த உடனே இயங்குகின்றன. கிரிடில் எழுத்தோ குறியோ இல்லை, விளக்கு ஒரே நிறம், அழுத்தத்தை அது உணராது. கணினியில் செரியல்ஆஸ்க் என்ற மென்பொருளை நிறுவினால்தான் பேசும். விளக்கையும் பொத்தானையும் தனித்தனியே ஆளலாம் என்பதைக் கிரிடின் தனிச்சிறப்பாகச் சொல்வதுண்டு. லாஞ்ச்பேடை நம் நிரலே முழுதும் ஆளவிடும் புரோகிராமர் முறையிலும் அது இயலும் என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது அகலம் ஒன்றுதான். தாளத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றை, தட்டுக்கு நான்காகப் பிரித்தால் 16 படிகள் வரும். கிரிடில் அவை ஒரே வரிசையில் அமைவதால், ஒலிக்கும் படியைக் காட்டி ஓடும் விளக்கைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே எந்தப் படியில் ஒலி விழவேண்டும் என்று கை தானாகக் கண்டுகொள்கிறது. எட்டே பேடுள்ள வரிசையிலோ சுற்று பாதியில் முறிந்து கீழ்வரிசைக்கு இறங்குகிறது, அல்லது பக்கம் மாற்றவேண்டியிருக்கிறது. மோனோமைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் கிராப்ட்ரி எழுதிய எம்எல்ஆர் நிரலில் இது இன்னும் தெளிவாகும். அதில் ஒரு வரிசை என்பது பதிவு செய்த ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் துணுக்கு. தொட்ட பொத்தானுக்குரிய இடத்திலிருந்து அது மீண்டும் ஒலிக்கும். 16 பொத்தான் என்றால் 16 துண்டு, எட்டு என்றால் எட்டே துண்டு. மோனோமின் முதல் கருவியான 2006-ஆம் ஆண்டின் 40எச்-கூட எட்டுக்கு எட்டுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிலும் எம்எல்ஆர் இயங்கியது.

இரண்டு லாஞ்ச்பேடுகளைச் சேர்த்து அகலமாக்கலாமே என்று நானும் எண்ணினேன். ஆனால் ஒவ்வொன்றின் வலப்புறமும் கட்டளைப் பொத்தான்களுக்கென ஒரு செங்குத்து வரிசை இருக்கிறது. பக்கத்தில் பக்கம் வைத்தால் சுற்றின் நட்டநடுவே அது குறுக்கிடும்.

மேடையில் வாசித்த அனுபவம் எனக்கில்லை. இவ்வளவும் வீட்டு மேசைமேல் கண்டது. விரலால் டிரம் வாசிப்பவருக்குக் கிரிட் உதவாது, அவர் தயங்காமல் லாஞ்ச்பேடை வாங்கலாம்.