டூப்ரிமூவ்: கலியாணப் படங்களோடு வேலை செய்பவர்களுக்கு

ஆரையம்பதியில் எங்கட ஸ்டூடியோ சின்னது. காத்தான்குடிக் கலியாணங்கள் நிறைய வரும். பெண்கள் பக்கப் படங்களை எடுப்பதும் நான், கணினியில் சீர்செய்வதும் நான். "மகள், இந்தப் படமெல்லாம் உங்கட கையத் தாண்டப்படாது" என்று மணப்பெண்ணின் உம்மா சொல்லித்தான் விடுவா. அதனால் இடத்தை மிச்சம்பிடிக்கும் எந்த மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், கோப்பை யார் திறக்கலாம் என்ற அனுமதிகளை அது என்ன செய்யும் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரே தரவு பல கோப்புகளில் கிடந்தால் வட்டில் ஒரு தரம் மட்டும் வைத்து இடத்தை மிச்சம்பிடிக்கும் டூப்ரிமூவ் (duperemove) அந்த இடத்தில் என் நம்பிக்கையைப் பெற்றுவிட்டது.

எங்கட சேவரில் லினக்ஸ், வட்டில் கோப்புகளை வைக்கும் முறை (கோப்பு முறைமை) பிடிஆர்எஃப்எஸ் (Btrfs). பெண்கள் பக்கக் கோப்புறைக்கு 2770 என்ற அனுமதி எண் போட்டிருக்கிறேன். உரிமையாளரும் குழுவில் உள்ளவர்களும் மட்டும் உள்ளே போகலாம். முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாக உருவாகும் கோப்பையும் அதே குழுவில் சேர்த்துவிடும். படங்களுக்கு 640: உரிமையாளர் திருத்தலாம், குழு பார்க்க மட்டும், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. கமராக் கார்டின் கோப்பு முறைமை எக்ஸ்ஃபேட் என்பதால் அதில் உரிமையாளர், அனுமதி எதுவும் கிடையாது. சேவரில் ஏற்றிய கையோடு நாமே போட வேண்டும்.

இனி நகல்கள். ஒரே றோ கோப்பு (கமரா தரும் பதப்படுத்தாத படம்) மூலத்தில் ஒன்று, ஆல்பத்துக்குத் தெரிந்தெடுத்ததில் ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று கிடக்கும். வீட்டார் சம்மதித்த படங்கள் மட்டும் ஆல்பம் வடிவமைக்கும் தம்பியின் கோப்புறைக்குப் போகும். இந்த நகல்களை ஜேடூப்ஸ், ஆர்டிஃபைண்ட் போன்ற கருவிகளால் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்) ஆக்கியும் இடம் எடுக்கலாம். எங்களுக்கு அது சரிவராது. அனுமதி எழுதப்பட்டிருப்பது ஐநோடில் (வட்டில் கோப்பின் விபரப் பதிவு), கோப்பின் பெயரில் இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஐநோடுக்குப் போனபின், தம்பி திறக்கட்டும் என்று ஆல்பம் நகலை 644 (எல்லாரும் பார்க்கலாம்) ஆக்கினால் மூலமும் 644 ஆகிவிடும். அவர் அதே கோப்பின்மேல் சேமித்தால் மூலப் படமும் மாறிப்போகலாம்.

டூப்ரிமூவ் ஐநோடுகளைத் தொடுவதில்லை. மார்க் ஃபாஷே எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. கோப்புகளை இயல்பாக 128 கிலோபைட் துண்டுகளாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) கணக்கிடும். பொருந்துபவற்றை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிடம் கொடுக்கும். கேர்னல் ஹாஷை நம்பாமல் இரண்டு பக்கத்தையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, அச்சொட்டாக ஒன்றாயிருந்தால் மட்டும் வட்டில் ஒரே இடத்தைக் காட்ட வைக்கும். ஓடி முடிந்தபின் பார்த்தேன்: மூலம் 640, ஆல்பம் நகல் 644, உரிமையாளரும் குழுவும் அப்படியே. ஒன்றில் திருத்தினால் திருத்திய பகுதி மட்டும் வேறு இடத்தில் எழுதப்படும், மற்றது அசையாது. கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் காட்டும் சாதாரண டியூ (du) கட்டளை பழைய அளவையே காட்டும்; எவ்வளவு பகிரப்பட்டிருக்கிறது என்று பார்க்க பிடிஆர்எஃப்எஸ் கருவியின் டியூவை ஓட்டுங்கள்.

இசட்எஃப்எஸ் (ZFS) என்ற இன்னொரு கோப்பு முறைமையிலும் நகல்நீக்கம் உண்டு. அது எழுதும்போதே பார்ப்பது. பழைய முறையில் ஒரு தொகுதிக்குச் சுமார் 320 பைட் வீதம் நகல்களைக் கண்டுபிடிக்கும் அட்டவணை வளரும். 128 கிலோபைட் தொகுதிகளில் ஒரு டெராபைட்டுக்கு இரண்டரை ஜிபி அளவு நினைவகம் வேண்டும். எங்கட சேவருக்கு அது பாரம். டூப்ரிமூவை வேலை முடிந்த இரவில் ஓட விடலாம்.

குறைகளும் இருக்கின்றன. எல்லாம் கட்டளைவரிதான், பொத்தான் இல்லை. முதல் ஓட்டம் மெத்தச் சுணங்கும். ஹாஷ் கோப்பைச் சேமிக்கச் சொன்னால் மறுகா வேகம். ஒரே படத்தைத் திரும்ப ஜேபெக்காகச் சேமித்தால் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பைட்டுகள் வேறு, அதை இது பிடிக்காது. பிடிஆர்எஃப்எஸ்ஸின் டீஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) ஓட்டினால் பகிர்வு பிரிந்து இடம் திரும்பவும் நிரம்பும். மற்றக் கோப்பு முறைமைகளில் எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஓடும், எக்ஸ்ட்4இல் ஓடாது.

பகிர்ந்த துண்டு வட்டில் ஒன்றுதான். அது பழுதானால் மூன்று நகலும் சேர்ந்தே போகும். மாரியில் வெள்ளம் ஏறும் ஊரில் இருக்கிறோம், காப்பு ஹார்ட்டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். வாங்கும்போது பெரிதாக வாங்குங்கள். காப்புக்குப் படியெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவிக்கு இந்தப் பகிர்வு தெரியாது, அங்கே மூன்று நகலையும் முழு அளவில் எழுதும்.